பந்தை இழக்கும் உரிமை

1

1958 ஜூன் 29. ஸ்டாக்ஹோமை ஒட்டிய ராசுண்டா மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. 4-ஆவது நிமிடத்திலேயே லீட்ஹோம் கோல் அடித்துவிட ஸ்வீடன் முன்னிலையில் இருக்கிறது. 9-ஆவது நிமிடத்தில் வலது ஓரத்தில் நிற்கும் கரிஞ்சாவிடம் பந்து வருகிறது. எதிரே ஸ்வீடனின் இடது ஃபுல் பேக் ஆக்ஸ்போம். கரிஞ்சா உள்பக்கம் போவதுபோல உடம்பைச் சாய்க்கிறார், வெளிப்பக்கமாகப் பாய்கிறார், கோல் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்புகிறார், ஓடி வந்த வாவா கோலாக்குகிறார். 32-ஆவது நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. அதே ஓரம், அதே சாய்வு, அதே பாய்ச்சல், அதே வாவா. இரண்டு கோல்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தால், ஒரே துண்டை இரண்டு முறை ஒட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். பிரேசில் 5-2 என்று ஜெயித்தது.

அந்த ஆட்டம் பெலேயின் ஆட்டமாகத்தான் நினைவில் நின்றது. 17 வயதுப் பையன் இறுதிப்போட்டியில் 2 கோல் அடித்தால் வேறு யாரை நினைவு வைத்துக்கொள்வார்கள்? என்னைப் பிடித்து வைத்திருப்பது மற்ற இரண்டு கோல்கள்தான். ஒரு எளிய கேள்வி: முதல் முறை ஏமாந்தது சரி, இரண்டாவது முறை எப்படி ஏமாந்தார்கள்? ஆக்ஸ்போமுக்குத் தெரியும். அவருக்குத் துணையாக ஓடி வந்தவருக்கும் தெரியும். கேலரியில் உட்கார்ந்திருந்த ஸ்வீடன்காரர்களுக்கும் அநேகமாகத் தெரிந்திருக்கும். கரிஞ்சா வெளிப்பக்கம்தான் போவார். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பொதுவாக ‘மாயம்’, ‘மந்திரம்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. நான் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு இயக்கம் இருந்தாக வேண்டும் என்று நினைக்கப் பழகியவன். இந்த இயக்கம் என்ன, அதைப் பயிற்சியால் கொண்டுவர முடியுமா, இன்றைய பயிற்சி முறைகள் அதைக் கொண்டுவருகின்றனவா அல்லது மெல்லக் கொல்கின்றனவா என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

2

விங்கர் என்றால் பக்கக்கோட்டை ஒட்டி ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர். வழக்கமான சர்வதேச மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நடுவில் ஆடுபவருக்கு நான்கு பக்கமும் ஆட்கள், நான்கு பக்கமும் வழிகள். விங்கருக்கு ஒரு பக்கம் கோடு. கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்குப் போய்விடும், ஆகவே அந்தக் கோடே எதிரணிக்குக் கூடுதலாகக் கிடைத்த தடுப்பாட்டக்காரர் மாதிரி. இடம் குறைவு. பதிலாக அவருக்குக் கிடைப்பது தனிமை. பெரும்பாலான சமயம் அவருக்கும் கோலுக்கும் நடுவே முதலில் நிற்பது ஒரே ஒரு ஆள். விங்கரின் கலை முழுக்க அந்த ஒரு ஆளைப் பற்றியது.

அந்த ஆளின் கால்களைப் பாருங்கள். நல்ல ஃபுல் பேக் நேராக நிற்க மாட்டார். முழங்காலை மடக்கி, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலைத் தரையில் அழுத்தாமல் முன்பாதத்தில் நிற்பார். எந்தப் பக்கமும் நகர முடிகிற நிலை அது. ஆனால் நகர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு காலில் எடையை இறக்கி உதைத்துத்தான் ஆக வேண்டும். இடது பக்கம் போக வலது கால் தரையை அழுத்த வேண்டும். உடம்பின் முழு எடையும் ஒரு காலில் இறங்கியிருக்கும் அந்தக் கணத்தில் அந்தக் காலைத் தூக்க முடியாது. எடை மறுபடி மாறும்வரை அவர் அந்த இடத்தில் நட்டுவைத்த கம்பம். ஒரு நொடியில் சின்னப் பங்குதான். விங்கருக்கு அது போதும்.

போக்குக் காட்டுவது என்று தமிழில் அழகான ஒரு சொல் இருக்கிறது. கரிஞ்சாவின் சாய்வு அதுதான். அது பொய் சொல்வதற்காகச் செய்யப்படுவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கேள்வி. ‘நான் உள்ளே வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டுவிட்டு, பதில் எதிராளியின் எந்தக் காலில் வருகிறது என்று பார்ப்பது. எடை உள்பக்கக் காலுக்குப் போனால் வெளியே போகலாம். எதிராளி ஏமாறாமல் வெளிப்பக்கத்தையே காத்துக்கொண்டு நின்றால் உள்ளே நிஜமாகவே வழி திறந்திருக்கிறது, அங்கே போகலாம். பத்தில் ஒரு முறையாவது அப்படி உள்ளே போகிற விங்கரின் சாய்வைத்தான் ஃபுல் பேக் நம்பியாக வேண்டியிருக்கிறது. சடுகுடுவில் பாடிப் போகிறவன் எதிரணியின் கண்ணைப் பார்க்காமல் காலைப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ஆக்ஸ்போமுக்குத் தெரிந்தது பாதிதான். என்ன நடக்கும் என்று தெரியும். எப்போது என்று தெரியாது. அந்த ‘எப்போது’ என்பதைத் தீர்மானித்தது ஆக்ஸ்போமின் கால்களே. கரிஞ்சா அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார். எதிராளி தன் உடம்பாலேயே தனக்கு எதிராகத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்து வருவது என்ன என்று மனதுக்குத் தெரிந்திருந்து என்ன பயன்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பெரிய விங்கர்கள் பந்தோடு நின்றுவிடுவார்கள். ஓடி வருகிற ஃபுல் பேக் அடிகளைச் சின்னதாக்கியும் பெரிதாக்கியும் சமாளித்துவிடலாம். நின்றுபோன ஃபுல் பேக் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இருவரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போது, எப்போது தொடங்குவது என்று முடிவு செய்கிறவருக்கு ஒரு எட்டு லாபம். விங்கருக்கு 100 மீட்டர் பந்தய வேகம் வேண்டும் என்பது பாதி உண்மைதான். அவருக்கு வேண்டியது முதல் மூன்று மீட்டரின் வேகமும், அதைவிட முக்கியமாக, முழு வேகத்திலிருந்து சட்டென்று நிற்கும் திறனும்.

இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் இதற்கு நல்ல சாட்சி. இடது பக்கம் சாய்ந்து வலது பக்கம் போவது, அதுதான் அவருடைய முத்திரை அசைவு. எதிரணிகளுக்கு அது பல்லாண்டுகளாகத் தெரிந்த ரகசியம். 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் பிளாக்பூல் 1-3 என்று பின்தங்கியிருந்தது. அப்போது மேத்யூஸுக்கு 38 வயது. கடைசிப் பகுதியில் வலது ஓரத்தில் திரும்பத் திரும்ப அந்த வழியாகவே போனார். பிளாக்பூல் 4-3 என்று ஜெயித்தது. மார்டன்சன் 3 கோல் அடித்தும் அந்த ஆட்டத்துக்கு மேத்யூஸ் பெயரே நிலைத்தது. 1956-இல் முதல் பலோன் டோர் விருது வாங்கும்போது அவருக்கு 41. 50 வயது தாண்டி 5 நாட்கள் கழித்து, 1965-இல், ஸ்டோக் சிட்டிக்காகக் கடைசி லீக் ஆட்டம் ஆடினார். வேகம் மட்டுமே விங்கரின் மூலதனம் என்றால் இந்த வயதுக் கணக்கு எப்படி வரும்?

3

கரிஞ்சாவைப் பற்றிய கதைகளில் எனக்கு ஒரு பெரிய புகார் உண்டு. எல்லாமே அவரை இயற்கையின் குழந்தையாக்கிவிடுகின்றன. கரிஞ்சா என்பதே ஒரு சின்னப் பறவையின் பெயர். வீட்டில் வைத்த செல்லப்பெயர். கால்கள் இரண்டும் வளைந்தவை, ஒன்று மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் குட்டை. 1958 உலகக் கோப்பைக்கு முன்னால் அணியோடு இருந்த உளவியலாளர் ஜோவாவ் கர்வால்யாயிஸ் வைத்த சோதனைகளில் கரிஞ்சா தேறவில்லை. பெலேயும் தேறவில்லை. பயிற்சியாளர் ஃபியோலா அந்த அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றாவது ஆட்டத்தில், சோவியத் யூனியனுக்கு எதிராக, இருவரையும் இறக்கினார். முதல் நிமிடத்திலேயே கரிஞ்சாவின் பந்து கம்பத்தில் பட்டது. அதற்குப் பிறகு நடந்தது வரலாறு.

இதிலிருந்து எழுதுகிறவர்கள் எடுக்கும் முடிவு: பாருங்கள், அவருக்கு எதுவும் தெரியாது, கால்களுக்குத்தான் தெரியும். படிக்க இனிக்கும் முடிவு. எனக்கு இது அவமரியாதையாகப் படுகிறது. எதிராளியின் எடை எந்தக் காலில் என்று நொடியின் சின்னப் பங்கில் வாசிப்பது அறிவு இல்லையென்றால் வேறு எது அறிவு? காகிதத்தில் வைத்த சோதனை அதை அளக்கவில்லை, அவ்வளவுதான். அளவுகோலின் குறையை மனிதனின் குறையாக எழுதிவிட்டு, பிறகு அந்தக் குறையையே தெய்வீகமாக்குவது எந்த ஊர் நியாயம்?

ஜோவாகிம் பெட்ரோ டி அந்த்ராஜி 1962-இல் எடுத்த ‘கரிஞ்சா, மக்களின் மகிழ்ச்சி’ என்ற ஆவணப்படம் பிரேசிலின் புதிய சினிமா இயக்கத்தின் முக்கியமான படம். மரக்கானா மைதானத்தின் கூட்டம், பாவ் கிராண்டி என்ற தொழிற்சாலைக் கிராமம் எல்லாம் அதில் இருக்கிறது. அழகான படம். ஆனால் பார்த்து முடித்தபோது கரிஞ்சாவின் ஆட்டத்தைவிட, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. மக்களின் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? ஒரு தொழில் நுணுக்கத்திலிருந்து. அந்த நுணுக்கத்தின் மறுபாதியான ஃபுல் பேக் படத்தில் வெறும் பலியாள். அவர் கால்களை யாரும் கவனிக்கவில்லை.

அந்த நுணுக்கம் எங்கே பயிலப்பட்டது? பாவ் கிராண்டியில். அது ஒரு ஜவுளி ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். கரிஞ்சா பதின்வயதில் அந்த ஆலையில் வேலைக்குப் போனார், ஆலையின் கிளப்புக்காக ஆடினார், மீதி நேரம் வெறும் நிலத்தில் நண்பர்களோடு ஆடினார். பிரேசிலில் ‘பெலாடா’ என்று சொல்லப்படும் தெரு ஆட்டம். இதைப் பயிற்சி என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: தினமும் அதே ஆட்கள். உங்கள் சாய்வு அவர்களுக்கு அத்துப்படி. நேற்று ஏமாந்தவன் இன்று ஏமாற மாட்டான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு அசைவை எல்லோருக்கும் தெரிந்த பிறகும் வேலை செய்யவைக்க வேண்டும் என்றால், அசைவை மெருகேற்றிப் பயனில்லை. நேரத்தைத்தான் மெருகேற்ற வேண்டும். 1953-இல் பொட்டஃபோகோ கிளப்புக்கு வந்தபோது அவருக்கு 19 வயது. அதற்குள் அவர் ஒருவருக்கு ஒருவர் மோதலில் எத்தனை ஆயிரம் முறை தோற்றிருப்பார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. இதுதான் முக்கியம். யாரும் எண்ணவில்லை.

‘அவருக்கு ஒரே ஒரு அசைவுதான் தெரியும்’ என்ற கதையும் நிற்காது. 1962-இல் சிலியில் நடந்த உலகக் கோப்பையில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். கரிஞ்சா காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக 2 கோல் அடித்தார். இடது காலால் ஒன்று, பெட்டிக்கு வெளியிலிருந்து வளைந்து போன ஒன்று, உயரம் இல்லாத மனிதர் தலையால் முட்டியது இரண்டு. இத்தனையும் தெரிந்தவர் பெரும்பாலும் ஒரே அசைவைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அது தேர்வு.

இயற்கையின் குழந்தை என்ற கதைக்கு ஒரு விலையும் இருந்தது. தேய்ந்துகொண்டிருந்த முழங்கால்களில் ஊசி போட்டு ஆடவைத்தார்கள். பறவைக்கு ஓய்வு எதற்கு? குடி அவரை அரித்தது. 1983 ஜனவரி 20 அன்று இறந்தபோது அவருக்கு வயது 49. தொழிலாளியாகப் பார்த்திருந்தால் ஒருவேளை அந்த முழங்கால்களை யாராவது கவனித்திருப்பார்கள்.

4

இப்போது பயிற்சிக்கு வருவோம். ‘இது பிறவித் திறமை, கற்றுத்தர முடியாது’ என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டதால், மறுபக்கம் கற்றுத்தர முடிகிறதையெல்லாம் கற்றுத்தருகிறார்கள். யூடியூபில் விங்கர் பயிற்சி என்று தேடினால் வரிசையாக வைத்த ஆரஞ்சு கோன்கள் வரும். ஒரு பையன் அவற்றுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டிப் போவான். பின்னணியில் அதிரடி இசை. பத்து அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர்.

கோன் பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். பந்து காலோடு ஒட்டிக்கொள்ள ஆயிரக்கணக்கான தொடுகைகள் வேண்டும், அதற்குக் கோன் போதும். கீழே பார்க்காமல் பந்தை நகர்த்தப் பழகினால்தான் எதிராளியின் காலைப் பார்க்கக் கண் ஓய்வாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் கோனுக்கு எடை மாறாது. அது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. கோனைத் தாண்டும் பையன் ‘எப்படி’ என்பதை மட்டும் கற்கிறான். ‘எப்போது’ என்பது அங்கே இல்லவே இல்லை. எங்கள் தொழிலில் இது தெரிந்த வியாதிதான்: டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், புரொடக்‌ஷனில் நிஜ மனிதர்கள் வந்து தொட்டதும் விழும்.

ஒரு விங்கர் உண்மையில் கற்க வேண்டியவை என்னென்ன? பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை: ஃபுல் பேக் எவ்வளவு நெருக்கம், அவருக்குப் பின்னால் எவ்வளவு இடம். பந்தை வாங்கும்போது உடம்பு மைதானத்தை நோக்கித் திறந்திருக்க வேண்டும், கோட்டை நோக்கி அல்ல. முதல் தொடுகை பந்து வந்த பக்கத்துக்கு எதிரான, தள்ளியிருக்கும் காலில். அப்படிச் செய்தால் வாங்குவதும் திரும்புவதும் ஒரே வேலையாகிவிடும். பிறகு ஃபுல் பேக்கை நோக்கி நேராகப் போக வேண்டும், சுற்றிக்கொண்டு அல்ல. நேராகப் போனால்தான் அவர் இரண்டு பக்கத்துக்கும் பயப்படுவார். தாண்டிய பிறகு அவருடைய பாதையைக் குறுக்கே வெட்டி, அவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கோல் கோட்டருகே போய்விட்டால் உயரமாகத் தூக்கிப் போடுவதைவிடப் பின்னோக்கித் தாழ்வாகத் தள்ளும் கட் பேக் பல சமயம் மேல். தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், பந்து அவர்களுக்குப் பின்னால் போகும். பந்து மறு ஓரத்தில் இருக்கும்போது தூரத்துக் கம்பத்துக்கு ஓடிவருவதும் வேலை. பந்தை இழந்தால் திரும்பி ஓடித் தன் ஃபுல் பேக்குக்கு உதவுவதும் வேலை. இத்தனையும் செய்யப் பின்தொடைத் தசைகள் தாங்க வேண்டும். ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஓட்டம் என்ற விங்கரின் வாழ்க்கையில் முதலில் கிழிவது அதுதான்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் எதிரே ஒரு உயிருள்ள ஆள் இல்லாமல் பழக முடியாதவை. ஆகவே நல்ல பயிற்சி பார்க்க அலங்காரமில்லாமல் இருக்கும். 10 மீட்டர் அகலத்தில் ஒரு சந்து, ஒரு பக்கம் கோடு, ஒரு விங்கர், ஒரு ஃபுல் பேக். பந்து ஒவ்வொரு முறையும் வேறு கோணத்திலிருந்து வரும். ஃபுல் பேக் ஜெயித்தால் அவர் பந்தை வெளியே கொண்டுபோய்ப் புள்ளி வாங்கலாம், அதனால் அவரும் நிஜமாகவே ஆடுவார். முக்கியமானது, அதே ஜோடி திரும்பத் திரும்ப மோத வேண்டும். ஆறாவது முறையில், ஏழாவது முறையில், இருவருக்கும் மற்றவரின் தந்திரம் எல்லாம் தெரிந்த பிறகுதான் பயிற்சியே தொடங்குகிறது. பாவ் கிராண்டியின் வெறும் நிலம் செய்த வேலை இதுதான்.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் வார இறுதி இரவுகளில் டர்ஃபில் ஆடுகிற ஐ.டி. கூட்டத்தில் நானும் ஒருவன். ஐந்துக்கு ஐந்து, சுற்றிலும் வலை. அங்கே விங்கர் என்ற ஆளே உருவாக முடியாது என்பதைக் கவனித்திருக்கிறேன். இடமே இல்லை. பந்தை இரண்டு நொடி வைத்திருந்தால் மூன்று பக்கத்திலிருந்தும் “டேய், பாஸ் போடு” என்று கத்துவார்கள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோம், யாரும் தோற்றுத் தோற்றுக் கற்க அங்கே வரவில்லை. நியாயம்தான். ஆனால் அந்தக் கத்தல் டர்ஃபோடு நின்றுவிடவில்லை என்பதுதான் அடுத்த பிரச்சினை.

5

கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் உச்ச அளவிலான கால்பந்து பந்தைத் தக்கவைப்பதை அறமாகவே மாற்றிவிட்டது. இதன் பின்னால் இருப்பது வலுவான தர்க்கம். உங்கள் அணி முழுக்க முன்னேறி நிற்கும்போது விங்கர் பந்தை இழந்தால், எதிரணி காலியான மைதானத்தில் ஓடி வரும். ஆகவே ஃபுல் பேக்கை நேரடியாக எதிர்கொள்ளாமல், இரண்டு பேர் சூழ வந்தால் பந்தைப் பின்னால் தட்டிவிடு. மற்றவர்கள் இடம் பிடிக்கும்வரை பொறு. பிறகு மறு ஓரத்துக்கு மாற்று.

ஜாக் கிரீலிஷின் கதையை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். ஆஸ்டன் வில்லாவில் காலுறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, மூன்று பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு ஓடியவர். 2021-இல் மான்செஸ்டர் சிட்டி அவரை 10 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அது பிரிட்டிஷ் கால்பந்தில் சாதனைத் தொகை. குவார்டியோலாவின் அணியில் அவர் வேறொருவரானார். பந்தை வாங்கி, நின்று, எதிராளிகளை ஈர்த்து, பின்னால் திருப்பிக் கொடுக்கும் நங்கூரம். 2022-23 பருவத்தில் அந்த அணி மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றது, அதில் அவர் பங்கு பெரியது. ஆகவே ‘குவார்டியோலா அவரைக் கெடுத்துவிட்டார்’ என்று இணையத்தில் எளிதாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வேலையும் ஒரு திறமை. நெருக்கடியில் பந்தைத் தொலைக்காமல் நிற்பது எல்லோருக்கும் வராது.

என் கவலை கிரீலிஷைப் பற்றியதல்ல, அவரைப் பார்த்து உருவாக்கப்படும் பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றியது. கிரீலிஷ் பத்து ஆண்டுகள் மோதித் தோற்று ஜெயித்துக் கற்ற பிறகு நிற்கக் கற்றார். அவர் நின்றால் இரண்டு பேர் பயந்து வருவதே, அவர் தாண்டிவிடுவார் என்ற நினைவு அவர்களுக்கு இருப்பதால்தான். தாண்டவே கற்காத பையன் நின்றால் யார் பயப்படுவார்கள்? முதலிலேயே பின்னால் கொடுக்கப் பழகியவனுடைய பாஸ், காகிதத்தில் கிரீலிஷின் பாஸ் மாதிரியே இருக்கும். மைதானத்தில் அதற்கு அர்த்தம் இருக்காது.

இங்கேதான் அளவிடுதல் உள்ளே வருகிறது. பந்தை இழந்த எண்ணிக்கையைச் சொல்வது சுலபம். பத்து முறை மோதி ஏழு முறை தோற்ற விங்கர், அந்த மூன்றில் ஒன்றைக் கோலாக்கியிருக்கலாம். தோற்ற ஏழு முறையிலும் ஃபுல் பேக்கின் பழக்கத்தைப் படித்திருக்கலாம். எட்டாவது முறை ஜெயித்தது அந்த ஏழின் விளைவாகவே இருக்கலாம். அட்டவணையில் ஏழு இழப்பு என்று மட்டும் வரும். எங்கள் துறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். தவறுகளை எண்ணும் இடங்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தவறே வராத வேலைகளாகப் பார்த்து எடுக்கப் பழகிவிடுவார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய அட்டவணை சுத்தமாக இருக்கும், கைவசம் ஒன்றும் சேர்ந்திருக்காது.

பந்தை எங்கே இழக்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். எதிரணியின் மூலைக் கொடி பக்கத்தில் இழந்த பந்துக்கும் நம் கோலுக்கும் நடுவே 90 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நடுமையத்தில் இழந்த பந்து வேறு ரகம். மைதானத்தில் ரிஸ்க் எடுக்க ஆகக் குறைந்த விலை உள்ள இடம் அந்த ஓரம்தான். அங்கேயும் ரிஸ்க் எடுக்கக் கூடாது என்றால் பிறகு எங்கே எடுப்பது? விங்கர் என்ற இடமே ஒரு அணி தன் பதினொரு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ கொடுக்கும் அனுமதிச் சீட்டு: நீ தோற்கலாம், பரவாயில்லை, மறுபடி போ. அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிவிட்டால் மிச்சமிருப்பவர் கோட்டோரமாக நிற்கும் இன்னொரு நடுக்கள ஆட்டக்காரர்.

6

‘அப்படியென்றால் தெரு ஆட்டம் செத்துவிட்டது, அகாடமிகள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டன’ என்று முடிப்பது வழக்கம். அந்தப் புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை, காரணம் லமின் யமால்.

2024 ஜூலை 9. மியூனிக்கில் யூரோ கோப்பை அரையிறுதி. பிரான்ஸ் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. 21-ஆவது நிமிடத்தில் பெட்டிக்கு வெளியே யமாலிடம் பந்து. எதிரே ராபியோ. யமால் இடது காலர். வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் வளைத்து அடிப்பார் என்பது அந்தப் போட்டித் தொடரைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பத்து ஆண்டுகள் பாயர்ன் மியூனிக்கில் ஆர்யன் ராபன் செய்ததும் அதைத்தான், அதையும் தெரிந்தே வைத்துக்கொண்டு யாராலும் நிறுத்த முடியவில்லை. யமால் வெளியே ஒரு போக்குக் காட்டுகிறார். ராபியோவின் உடம்பு லேசாக இழுபடுகிறது. முழுக்க ஏமாறவில்லை, அரை எட்டுதான். அந்த அரை எட்டில் பந்து உள்ளே நகர்கிறது, வளைகிறது, தூரத்துக் கம்பத்தில் பட்டு உள்ளே போகிறது. அடித்தவருக்கு வயது 16. ஸ்பெயின் 2-1 என்று ஜெயித்தது. 13-ஆம் தேதி அவருக்கு 17 ஆனது. 14-ஆம் தேதி இங்கிலாந்துக்கு எதிரான இறுதிப்போட்டியில் அவர் கொடுத்த பாஸில், மறு ஓரத்திலிருந்து ஓடிவந்த நிக்கோ வில்லியம்ஸ் முதல் கோலை அடித்தார்.

யமால் வளர்ந்தது மட்டாரோ நகரின் ரொக்காஃபோண்டா என்ற உழைக்கும் மக்களின் பகுதியில். கோல் அடித்தால் விரல்களால் 304 என்று காட்டுவார், அந்தப் பகுதியின் அஞ்சல் எண்ணின் கடைசி மூன்று இலக்கம். ஆனால் சின்ன வயதிலேயே பார்சிலோனாவின் லா மாசியா அகாடமிக்கு வந்துவிட்டவர். பந்தைத் தக்கவைக்கும் மதத்தின் தலைமைக் கோயில் என்று எதைச் சொல்கிறோமோ அந்த இடம். அங்கிருந்து இப்படி ஒரு விங்கர் வந்திருக்கிறார். ஆகவே அகாடமியா தெருவா என்பது இங்கே கேள்வியே இல்லை. இரண்டு இடத்திலும் அந்தப் பையனை மோதவிட்டார்கள், அவன் தோற்றபோது உட்காரவைக்கவில்லை. 2024-இல் ஸ்பெயினின் பயிற்சியாளர் லூயிஸ் தெ லா ஃபுயெந்தே செய்ததும் அதுவே. பல ஆண்டுகள் பாஸ் பாஸாகப் போட்டு எதிராளியைத் தூங்கவைத்த ஒரு அணியின் இரண்டு ஓரங்களிலும், மோதுவதற்கு அனுமதி பெற்ற இரண்டு இளைஞர்களை நிறுத்தினார். கோப்பை வந்தது.

இதைப் படித்துவிட்டு அடுத்த ஆட்டம் பார்க்க உட்காரும் உங்களிடம் ஒரு கோரிக்கை. விங்கருக்குப் பந்து வரும்போது ஒரு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், விங்கரையும் பார்க்காதீர்கள். ஃபுல் பேக்கின் பாதங்களை மட்டும் பாருங்கள். எடை எப்போது மாறுகிறது, குதிகால் எப்போது தரையில் படுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது. கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே ‘இப்போ’ என்று தோன்றும். அந்த ‘இப்போ’வில் விங்கர் பந்தைப் பின்னால் தட்டிவிட்டால் உங்களுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் நியாயமானது. அவர் போய், பந்தை இழந்து, தலை குனிந்து திரும்பி ஓடி வந்தால் அப்போதும் கைதட்டுங்கள். அடுத்த முறைக்கு அவருக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது.